கூரைக்குள் டாக்டர் இருக்கணும்

“டாக்டர் தொப்பியை முகத்துல கவுத்துக்கிட்டுத்தான் எப்பவும் தூங்குவாரு. அதனாலதான் யாருக்கும் தெரியல.”

போனில் பேசிய காப்பீட்டுக் கம்பெனி ஆள் கேட்டது வெனிட்டாவின் பிறந்த தேதியை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த டெமெட்ரா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். வெனிட்டா நர்ஸாக இருக்கும் கிளினிக்கில் பில் போடுகிறவள் அவள்தான். “வேணாம், வேணாம்” என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு அந்த ஆள் மெதுவாகக் கேட்டான்.

“எப்பவும்னா எத்தனை வருஷமா, மேடம்?”

“மூணு வருஷமா” என்றாள் வெனிட்டா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது வெனிட்டா ரோபக்கின் பிறவிக் குணம். இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறவனிடம், “இருமல் கிடக்கட்டும், உன் கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு?” என்பாள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த தாயிடம், “பிள்ளை நல்லா இருக்கான், நீதான் ராத்திரி அழுவுற போலிருக்கு” என்பாள். அந்த வாயால் பிழைத்தவர்கள் ஆர்டெல் ஊரில் நிறையப் பேர். அதே வாயால் அவள் கெட்டாள்.

பத்தொன்பது வயதில் மாவட்ட ஆஸ்பத்திரியில் மலச்சட்டி எடுக்கும் வேலையில் சேர்ந்தவள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினாள். நாற்பத்து மூன்று வயதில், வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் படித்து, நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் தகுதியுள்ள நர்ஸாகத் திரும்பி வந்தாள். அவள் திரும்பி வந்த வருடம் அந்த மாவட்ட ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். ஊருக்கு மிச்சம் இருந்தது டாக்டர் கேதிங்ஸின் கிளினிக் ஒன்றுதான். அதை விட்டால் நாற்பத்தாறு மைல்.

ஆர்டெலில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது கெளுத்தி மீன் ஆலை. ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே காப்பீட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் கணக்கில் நர்ஸ் என்று ஒரு பிறவியே கிடையாது. புண்ணைக் கழுவுவது வெனிட்டா, மருந்து எழுதுவது வெனிட்டா, மருந்தைத் தின்றார்களா என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மறித்துக் கேட்பதும் வெனிட்டா. ஆனால் பில் மட்டும் டாக்டர் பெயரில் போக வேண்டும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அவள் வேலை செய்யும் நேரத்தில் டாக்டர் அதே கூரைக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்க வேண்டாம், நோயாளியைப் பார்க்கவும் வேண்டாம். கல்யாண வீட்டுக்கு வந்த பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தால் போதும்.

டாக்டர் கேதிங்ஸுக்கு எண்பத்தொரு வயது. கை நடுங்கும். அவரே ஊசி போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. ஆனாலும் காலை எட்டு மணிக்குத் தன் பழைய பச்சை வண்டியில் வந்து, பின்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, டிவியில் விலை சொல்லும் போட்டியைப் பார்த்துக்கொண்டே, பால் குடித்த பிள்ளை மாதிரி தூங்கிப்போவார். மாலை நாலு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போவார். ஊருக்காக அவர் செய்த கடைசி வைத்தியம் அதுதான். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததால்தான் கிளினிக் திறந்திருந்தது.

ஆரம்பத்தில் டெமெட்ரா பில் அனுப்புவதற்கு முன்னால் நடையில் நின்று, “கூரைக்குள்ள யாரு?” என்று குரல் கொடுப்பாள். டாக்டர் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கொஞ்ச காலத்தில் அவருக்குக் காது மந்தமாயிற்று. குரல் கொடுத்தும் பிரயோஜனமில்லை. அதன் பிறகு டெமெட்ரா ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். பச்சை வண்டி நின்றால் டாக்டர் உள்ளே இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை. குளிர் மழை. காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. மதியத்துக்குள் பதினொரு பேரைப் பார்த்தாள் வெனிட்டா. அதில் எஸலும் ஒருவர். மீன் ஆலையில் தண்ணீருக்குள் நின்றே இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். சர்க்கரை வியாதி. உள்ளங்காலில் ஒரு புண். நவம்பரில் வரும்போது வெள்ளி நாணயம் அகலம் இருந்தது. வாரம் தவறாமல் அவள் கழுவிச் சுரண்டிக் கட்டிக் கட்டி, இப்போது பட்டாணி அளவுக்கு வந்திருந்தது.

“சிஸ்டர், இது மூடிரும்ல?” என்றார் எஸல்.

“மூடும், பிரதர். நீங்க வாயை மூடுனா அதுவும் மூடும். இனிப்பு டீ குடிச்சீங்களா இல்லையா?”

“ஒரே ஒரு டம்ளர்.”

“டம்ளரா, குடமா?”

அறையே சிரித்தது. பன்னிரண்டு மணிக்கு டெமெட்ரா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பச்சை வண்டி மழையில் நின்றது. பதினொரு பில்லையும் அனுப்பினாள்.

மூன்று மணிக்கு மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. கடுமையான வலி மாத்திரை ஒன்றுக்கு டாக்டர் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். வெனிட்டா பின்னறைக்குப் போனாள். டிவி தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. “டாக்டர்” என்றாள். தோளைத் தொட்டாள். பிறகு தொப்பியை எடுத்தாள்.

அந்தப் பக்கத்தில் சாவுக்குச் சான்று எழுதுவது தேர்தலில் ஜெயித்த ஆள். ஆர்டெலில் அது டில்லார்ட். சவ அடக்கக் கடையும் அவனுடையதுதான். பள்ளிக்கூடத்தில் வெனிட்டாவுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து சடையை இழுத்தவன். நனைந்த கோட்டோடு வந்தான். தன் தொப்பியைக் கழற்றினான். பிறகு காகிதத்தை எடுத்தான்.

“கண்டுபிடிச்சது மூணு பத்து. அதையே போட்டுட்டுப் போறேன்.”

“தாடை இறுகிருச்சு டில்லார்ட்” என்றாள் வெனிட்டா. “விறைப்பு விரல் வரைக்கும் வந்தாச்சு. அஞ்சு மணி நேரத்துக்குக் கம்மி இல்ல. பத்து மணின்னு எழுது.”

“நான் உன்னைக் கேட்டனா?”

“கேக்காட்டி என்ன?”

டில்லார்ட் நடையைப் பார்த்தான். டெமெட்ரா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான். “வெனிட்டா, நான் முட்டாள் இல்ல. உங்க பில் எப்படிப் போவுதுன்னு ஊருக்கே தெரியும். மூணு பத்துன்னே இருக்கட்டும். யாருக்கும் நட்டமில்ல.”

“அம்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்ல செத்தவங்க அத்தனை பேருக்கும் நேரம் பார்த்துச் சொன்ன மனுஷன்டா. அவருக்கே நீ பொய் நேரம் எழுதுவியா? எழுது, பத்து.”

அவன் எழுதினான்.

அன்றைக்கே பில்லைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்திருக்கும். ஆனால் யாருக்கு அது ஞாபகம் இருந்தது? சர்ச்சுக்குப் பூ, பாட்டுக்குழுவுக்கு வெள்ளை அங்கி, டாக்டரின் மனைவி மிஸ் இமோஜீனுக்குத் துணைக்குப் படுக்க ஆள், வீடு வீடாக வந்து குவிந்த கோழி வறுவலையும் வெண்ணெய்க் கேக்கையும் வைக்க இடம் என்று நாலு நாள் ஓடியது. அதற்குள் பில்லெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பதினொரு பில்லில் எட்டு, டாக்டர் இறந்த பிறகு அவர் மேற்பார்வையில் நடந்ததாகச் சொல்கிறது, விளக்கம் தேவை. விளக்கம் கேட்கத்தான் அந்த ஆள் போன் பண்ணினான். பிறந்த தேதியில் ஆரம்பித்தான். அவள் தொப்பியில் ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவள் வாயிலிருந்து இன்னும் என்னென்னவோ வந்தது. தாடை இறுகியிருந்ததைச் சொன்னாள். பச்சை வண்டியைச் சொன்னாள். “நாங்க ஒருத்தரையும் ஏமாத்தல சார், வேலையெல்லாம் நான்தான் செஞ்சேன்” என்று அடித்துச் சொன்னாள். அது தனக்கு ஆதரவான பேச்சு என்று அவள் நினைத்தாள். போனை வைத்ததும் டெமெட்ரா சொன்னாள்.

“மிஸ் வெனிட்டா, நீங்க செஞ்சீங்கங்கறதுதான் அவங்க சொல்ற குத்தமே.”

எட்டு பில்லோடு போக வேண்டியது மூன்று வருடத்துப் பில் முழுவதையும் இழுத்துக்கொண்டது. விசாரணை முடியும்வரை கிளினிக்குக்குப் பில் பணம் எதுவும் வராது. ஆலைக்காரர்கள் யாரும் அந்தக் காப்பீட்டை வைத்து அங்கே வர முடியாது. மாநிலமும் தன் பங்குக்கு ஒரு கெடு வைத்தது. தன் பெயரைத் தர ஒரு டாக்டர் ஜூன் மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டும்.

முதலில் வெனிட்டா காப்பீட்டுக் கம்பெனிக்கே மனுப் போட்டாள். நர்ஸ் பெயரிலும் பில் வாங்கிக்கொள்ள இந்த வருடம்தான் ஒத்துக்கொண்டார்களாம். ஆறு வாரம் காத்திருந்து, பிறகு போன் பண்ணினாள். ஒரு பெண் எடுத்தாள். இனிமையான குரல்.

“மன்னிக்கணும் மேடம், உங்க பகுதிக்கான பட்டியல் நிறைஞ்சிருக்கு.”

“நிறைஞ்சிருக்கா? இங்க ஈ காக்கா இல்லம்மா. யாரு இருக்கா பட்டியல்ல?”

“ஒரு இடம்தான் மேடம் உங்க ஊருக்கு. அதுல டாக்டர் கேதிங்ஸ் இருக்காரு.”

“அவர் செத்துட்டாரும்மா.”

“இங்க அப்படி வரலையே மேடம்.”

“அவர் செத்துட்டாருன்னு உங்க கம்பெனிதானே எனக்கு ரிஜிஸ்டர் தபால்ல கடிதம் போட்டுச்சு?”

“அது வேற பிரிவு மேடம். வேற ஏதாவது உதவி செய்யணுமா?”

வெனிட்டா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். டெமெட்ராவும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்து முடித்தபோது இரண்டு பேர் கண்ணிலும் வேறு தண்ணீர் இருந்தது.

பிறகு டாக்டர்களைத் தேடிப் போனாள். முதல் டாக்டர் அவளை உட்காரவே சொல்லவில்லை. இரண்டாவது டாக்டர் காப்பி கொடுத்தார். “மிஸ் ரோபக், உங்க வேலை மேல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்க ஃபைல் மேலதான்” என்றார். மூன்றாவது டாக்டர் ஒரு சின்னப் பெண், பெயர் பெட்வே. படிக்கிற காலத்தில் கேதிங்ஸிடம் ஒரு கோடைக்காலம் வேலை கற்றவள். அவள் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு வாரம் குடுங்க ஆன்ட்டி. என் வக்கீலோட சண்டை போட்டுட்டு வர்றேன்.”

அந்த இரண்டு வாரம்தான் வெனிட்டாவால் பொறுக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்றால், எஸலின் கால். ஆலைக்காரர்கள் வருவது நின்றுவிட்டது என்றேனே, அவர் மட்டும் பின்கதவு வழியாக வந்துகொண்டிருந்தார். வாராவாரம் அவள் சும்மாவே கட்டி அனுப்பினாள். பிறகு அவரே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் மளிகைக்கடையில் பார்த்தபோது நொண்டினார். “ஒண்ணுமில்ல சிஸ்டர், பூட்ஸ் கடிக்குது” என்றார். பூட்ஸ் எங்கே கடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை வெனிட்டா டில்லார்டின் கடைக்குப் போனாள். அவன் ஒரு சவப்பெட்டியின் பித்தளைப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டில்லார்ட், அன்னைக்கு மூணு பத்துன்னு போடறேன்னு சொன்னியே.”

அவன் துடைப்பதை நிறுத்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இப்ப வந்து கேக்கற.”

“இப்பத்தான் கேக்க வந்தேன்.”

“அன்னைக்குப் பேனா என் கையில இருந்துச்சு வெனிட்டா. இப்ப அந்தக் காகிதம் தலைநகர்ல முத்திரையோட கிடக்கு. மாத்த வழி இருக்கு. ஆனா நீ எழுதித் தரணும். சாவு நேரத்தை நான் தப்பாச் சொல்லிட்டேன், தாடை பார்த்துச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாதுன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போடணும். முப்பத்தெட்டு வருஷம் நர்ஸு வேலை பார்த்தவ. போடுவியா?”

அவள் பதில் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லவில்லை. கையை நீட்டினாள். அவன் பேனாவைக் கொடுத்தான். நின்றபடியே, பெட்டி மூடியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினாள்.

“வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டுப் போடேன்” என்றான் டில்லார்ட்.

“யோசிச்சா போட மாட்டேன்டா.”

அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்த எட்டாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மார்ச் மாதம் போனில் நீங்கள் பேசியது பதிவாகியிருக்கிறது. அதில் இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்ததாகத் திட்டவட்டமாகச் சொல்கிறீர்கள். இப்போது தெரியாது என்கிறீர்கள். இரண்டில் எது பொய்? இந்தக் கடிதத்தின் ஒரு நகல் மாநில நர்ஸுகள் வாரியத்துக்கும் போயிருந்தது. வாரியம் ஒரே வரியில் எழுதியது: விசாரணை முடியும்வரை எந்த நோயாளி மேலும் கை வைக்கக் கூடாது.

டாக்டர் பெட்வே அன்று மாலை நேரிலேயே வந்தாள். அவள் பையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. தன் பெயரைத் தருவதாக எழுதி, வக்கீலும் சம்மதித்த ஒப்பந்தம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை வெளியே எடுக்கவே இல்லை.

“நேத்து வரைக்கும் உங்களுக்காகப் பேசினேன் ஆன்ட்டி. ‘அந்தம்மா உண்மையைச் சொல்லித்தான் மாட்டிக்கிட்டாங்க, பொய் சொல்லத் தெரியாத ஆளு’ன்னு. அதைச் சொல்லித்தான் வக்கீலைச் சம்மதிக்க வச்சேன்.” அவள் குரல் உடைந்தது. “முதல் பேச்சோட நின்னிருக்கக் கூடாதா?”

வெனிட்டா அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு என்ன செய்ய? “நீ அழாத. வண்டி ஓட்டிட்டுப் போகணும்” என்றாள்.

அடுத்த வாரம் மிஸ் இமோஜீன் பச்சை வண்டியை விற்றுவிட்டார். நேற்றோடு கெடு முடிந்தது. டெமெட்ராவுக்கு மீன் ஆலையில் பெட்டி எண்ணும் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

இன்று காலை ஏழு மணிக்கு வெனிட்டா கிளினிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டப் போனாள். பக்கத்து ஊர்க் கிளினிக்குகளின் பெயரும் போன் நம்பரும் எழுதிய காகிதம். எல்லாம் நாற்பது மைலுக்கு மேல். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மண்ணில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. எஸல். ஆலைச் சீருடை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

“சாத்திட்டியாமே சிஸ்டர்.”

“சாத்திட்டேன் பிரதர்.”

அவர் மேலிருந்து மீன் வாடை வந்தது. ஆலைக்காரர்கள் எல்லோர் மேலும் வரும் வாடைதான். அதற்கு அடியில் இன்னொரு வாடை. மாவட்ட ஆஸ்பத்திரியில் மலச்சட்டி எடுத்த காலத்திலேயே அவள் மூக்குக்குப் பழகிய வாடை. கால் எடுக்கும் வார்டில் வரும். எவ்வளவு நாளாயிற்று என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

“வண்டியில ஏறுங்க. இப்பவே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் ஓட்டுறேன்.”

“எட்டு மணிக்கு ஷிஃப்ட்டு. இந்த மாசம் ரெண்டு நாள் லீவு போட்டாச்சு. மூணாவது நாள் போட்டா ஆளை மாத்திருவான். ஆள் போனா காப்பீடும் போச்சு. அப்புறம் ஆஸ்பத்திரியில எந்தச் சீட்டைக் காட்டுவேன்?”

“பிரதர், சொல்றதைக் கேளுங்க. உசுரு போயிரும்.”

“அதெல்லாம் போவாது. நீ ஒரு தடவை பாரு. பார்த்துட்டுச் சொல்லு. நீ சரின்னு சொன்னா சனிக்கிழமை வரைக்கும் தாங்கும்.” படிக்கட்டில் மெல்ல உட்கார்ந்தார். “தொட வேணாம் சிஸ்டர். சும்மா பாரு. பார்த்தா என்ன, அதுக்குமா சட்டம் இருக்கு?”

குனிந்து பூட்ஸின் மேல் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தார்.

வெனிட்டா கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். காகிதத்தின் நாலாவது மூலையை விரலால் அழுத்திக்கொண்டே சொன்னாள்:

“பூட்ஸைக் கழட்டாதீங்க பிரதர். கழட்டுனா நான் கை வச்சிருவேன்.”